கிறித்தவ இறையியலில் துன்பச் சிக்கல்

துன்பச் சிக்கல் அல்லது தீமைச் சிக்கல் என்பது, எல்லாம் வல்லவரும் அன்பே உருவானவருமான கடவுள் இருக்கும்போது உலகில் துன்பம் ஏன் இருக்கிறது என்ற கேள்வியைக் குறிக்கும். கடவுள் நம்பிக்கை கொண்ட பல சமயங்களில் இக்கேள்வி எழுந்துள்ளது. கிறித்தவத்தில் இது கூடுதல் கூர்மை பெறுகிறது. கடவுளின் வல்லமையையும் அன்பையும் கிறித்தவ மரபு ஒருசேர வலியுறுத்துகிறது. துன்பம் வெறும் மாயை என்று அது கூறுவதில்லை. முற்பிறவி வினையின் பயன் என்ற விளக்கத்துக்கும் அதில் இடமில்லை.

இக்கேள்விக்குக் கிறித்தவச் சிந்தனையாளர்கள் 2ஆம் நூற்றாண்டு முதல் பல விடைகளைத் தந்துள்ளனர். ஒவ்வொரு விடையும் துன்பத்தின் ஒரு பகுதியை விளக்குகிறது. இன்னொரு பகுதியை விளக்காமல் விடுகிறது. மேலும், வாதத்தில் நிற்கக்கூடிய விடை ஒன்று, துன்புறும் மனிதரிடம் சொல்லத் தக்கதாக இருக்க வேண்டும் என்பதில்லை. இந்த வேறுபாட்டை விவிலியத்தின் யோபு நூலே எடுத்துக்காட்டுகிறது.

சிக்கலின் அமைப்பு

இச்சிக்கல் மூன்று கூற்றுகளால் ஆனது:

1. கடவுள் எல்லாம் வல்லவர்.
2. கடவுள் முற்றிலும் நல்லவர்.
3. தீமையும் துன்பமும் உலகில் உண்மையாகவே உள்ளன.

தீமையை நீக்க முடிந்தும் நீக்காதவர் நல்லவரா? நீக்க விரும்பியும் முடியாதவர் எல்லாம் வல்லவரா? இவ்வாறு இரு முனைகளிலும் இடிக்கும் இந்த வாதத்தைக் கிரேக்க மெய்யியலாளர் எபிக்கூரஸின் பெயரால் 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த கிறித்தவ எழுத்தாளர் லாக்டான்டியஸ் பதிவு செய்துள்ளார். ஸ்காட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம் இயற்கைச் சமயம் பற்றி எழுதிய உரையாடல் நூலில் இதை மீண்டும் எடுத்தாண்டார். அந்நூல் அவர் இறந்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் 1779இல் வெளிவந்தது.

கடவுளின் நீதியை நிலைநாட்டும் விளக்கத்துக்கு ‘தியோடிசி’ என்று பெயர். கடவுள், நீதி ஆகிய பொருள்களைத் தரும் ‘தியோஸ்’, ‘டிக்கே’ என்னும் கிரேக்கச் சொற்களை இணைத்து ஜெர்மானிய மெய்யியலாளர் லைப்னிட்ஸ் இச்சொல்லை உருவாக்கினார். 1710இல் வெளிவந்த அவருடைய நூலின் தலைப்பிலும் இச்சொல் உள்ளது. தமிழில் இதனை ‘இறைநீதி விளக்கம்’ எனலாம்.

இருவகைத் தீமை

இறையியலில் தீமை இரண்டாகப் பிரிக்கப்படுகிறது. மனிதரின் செயலால் விளைவது ஒழுக்கத் தீமை. கொலை, போர், சுரண்டல் ஆகியன இதில் அடங்கும். நிலநடுக்கம், நோய், வெள்ளம் போன்றவற்றால் விளைவது இயற்கைத் தீமை.

தெற்காசியாவில் நிகழ்ந்த இரு பேரிழப்புகள் இந்த வேறுபாட்டை விளக்கும். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆழிப்பேரலை தாக்கியபோது, கிறிஸ்துமஸ் விழாவுக்காக வேளாங்கண்ணிக்கு வந்திருந்த திருப்பயணிகளில் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். இது இயற்கைத் தீமை. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழா அன்று இலங்கையில் கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆகிய இடங்களின் தேவாலயங்களிலும், கொழும்பின் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். இது ஒழுக்கத் தீமை. இரண்டாவதற்கு மனிதரின் விருப்பத்தைக் காரணமாகக் காட்டலாம். முதலாவதற்கு அப்படிக் காட்ட இயலாது. ஆகவே, இறைநீதி விளக்கம் எதையும் இவ்விரண்டையும் கொண்டே சோதிக்க வேண்டும்.

விவிலியத்தில் துன்பம்

விவிலியம் துன்பத்துக்கு ஒரே விடையைத் தருவதில்லை. இணைச்சட்ட நூலும் நீதிமொழிகள் நூலும், நல்லவர் வாழ்வர், தீயோர் வீழ்வர் என்ற பொதுநெறியைக் கூறுகின்றன. யோபு நூல் இந்நெறியைக் கேள்விக்கு உள்ளாக்குகிறது.

42 அதிகாரங்கள் கொண்ட யோபு நூலில், குற்றமற்ற மனிதரான யோபு தம் செல்வத்தையும் பிள்ளைகளையும் உடல்நலத்தையும் இழக்கிறார். எலிப்பாசு, பில்தாது, சோப்பார் என்னும் மூன்று நண்பர்கள் அவரைக் காண வருகின்றனர். ஏழு பகலும் ஏழு இரவும் அவருடன் தரையில் பேசாமல் அமர்ந்திருக்கின்றனர். அதன் பின் வாய் திறந்து, துன்பம் வந்திருப்பதால் யோபு ஏதேனும் பாவம் செய்திருக்க வேண்டும் என்று வாதிடுகின்றனர். யோபு அதனை ஏற்க மறுத்து, கடவுளிடமே வழக்காடுகிறார்.

இறுதியில் கடவுள் சூறாவளியிலிருந்து பேசுகிறார். உலகின் படைப்பையும் விலங்குகளின் வாழ்வையும் பற்றிய கேள்விகளை யோபுவின் முன் அடுக்குகிறார். துன்பத்தின் காரணத்தை அவர் கூறுவதே இல்லை. நூலின் முதல் இரண்டு அதிகாரங்களைப் படித்த வாசகருக்குத் தெரிந்த பின்னணி யோபுவுக்குக் கடைசி வரை தெரியாது. ஆயினும் நூலின் தீர்ப்பு தெளிவானது. கடவுளுக்காக வாதாடிய நண்பர்களே அவரைப் பற்றிச் சரியாகப் பேசாதவர்கள் எனக் கண்டிக்கப்படுகின்றனர். கடவுளை எதிர்த்துக் கேட்ட யோபு அவர்களுக்காக மன்றாட வேண்டியிருக்கிறது.

திருப்பாடல்களில் பெரும் பங்கு புலம்பலாகவே உள்ளது. 88ஆம் திருப்பாடல் ஆறுதல் சொல் எதுவும் இன்றி இருளோடு முடிகிறது. முறையிடுவது நம்பிக்கைக்கு எதிரானதன்று, வழிபாட்டின் ஒரு பகுதியே என்பதை இப்பாடல்கள் காட்டுகின்றன.

புதிய ஏற்பாட்டிலும் துன்பத்தைத் தண்டனையாகக் காணும் பார்வை இருமுறை மறுக்கப்படுகிறது. லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில், சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரும் எருசலேமில் வாழ்ந்த பிறரைவிடக் கொடிய குற்றவாளிகள் அல்லர் என்று இயேசு கூறுகிறார். அதைக் கேட்டவர்களையே மனம் மாறும்படி அழைக்கிறார். யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி, இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்கின்றனர். இரண்டும் இல்லை என்று விடை தந்து, இயேசு அவருக்குப் பார்வை அளிக்கிறார்.

அகுஸ்தீன்: நன்மையின் குறைவே தீமை

வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயராக இருந்த அகுஸ்தீன் (354–430) தம் இளமையில் மானி சமயத்தைப் பின்பற்றியவர். ஒளி, இருள் என்னும் இரு ஆற்றல்கள் என்றென்றும் மோதுகின்றன என்பது அச்சமயத்தின் கொள்கை. அதிலிருந்து விலகிய பின் அகுஸ்தீன் இரு கருத்துகளை முன்வைத்தார்.

முதலாவது, தீமை தனிப் பொருள் அன்று. இருக்க வேண்டிய நன்மை இல்லாமற் போவதே தீமை. குருட்டுத்தன்மை என்று தனியாக ஒரு பொருள் கண்ணில் இல்லை. பார்வை இல்லாமையே அது. எனவே கடவுள் தீமையைப் படைத்தார் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது, வானதூதரும் மனிதரும் தம் சுயவிருப்பத்தைத் தவறாகப் பயன்படுத்தியதால் உலகில் கேடு நுழைந்தது. ஆதாமின் வீழ்ச்சி மனித இனம் முழுவதையும் பாதித்தது.

மேற்கத்தியக் கிறித்தவத்தில் இவ்விளக்கம் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகச் செல்வாக்குப் பெற்றிருந்தது. இதற்கு எழுப்பப்படும் தடை, மனிதர் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே விலங்குகள் நோயுற்று இறந்ததைப் புதைபடிவங்கள் காட்டுகின்றன என்பதாகும். அப்படியானால் இயற்கையின் துன்பம் அனைத்துக்கும் மனிதரின் வீழ்ச்சியைக் காரணமாகக் கூறுவது கடினம்.

இரனேயு: வளர்ச்சியின் களம்

2ஆம் நூற்றாண்டில் லியோன் நகர ஆயராக இருந்த இரனேயு வேறொரு தொடக்கப்புள்ளியைக் கொண்டிருந்தார். மனிதர் முழு நிறைவோடு படைக்கப்படவில்லை. குழந்தைகளைப் போல் முதிர்ச்சியற்றவர்களாகப் படைக்கப்பட்டுக் கடவுளின் சாயலை நோக்கி வளர்கின்றனர் என்பது அவர் கருத்து.

இதனை ஆங்கில மெய்யியலாளர் ஜான் ஹிக் 1966இல் வெளியிட்ட நூலில் முழுமையான இறைநீதி விளக்கமாக விரித்தார். இடர் இல்லாத உலகில் துணிவு தோன்றாது. யாருக்கும் எதுவும் தேவைப்படாத இடத்தில் இரக்கத்துக்கு வேலை இல்லை. ஆகவே இவ்வுலகம் ஆன்மாக்கள் பக்குவம் பெறும் களம் என்றார் ஹிக். பக்குவம் இப்பிறப்போடு முடிவதில்லை, இறப்புக்குப் பின்னும் தொடரும் என்பதையும் அவர் தம் விளக்கத்தில் சேர்த்துக்கொண்டார்.

துன்பம் சிலரைப் பண்படுத்துவது உண்மை. அதே துன்பம் வேறு சிலரை உடைத்துவிடுவதும் உண்மை. பேசக்கூடத் தெரியாத குழந்தை நோயால் இறக்கும்போது அங்கே பக்குவம் பெற்றவர் யார் என்ற கேள்வி எஞ்சுகிறது. 1880இல் நிறைவுற்ற ‘கரமசோவ் சகோதரர்கள்’ நாவலில் தஸ்தயேவ்ஸ்கி இத்தடையை இவான் என்ற பாத்திரத்தின் வழியே எழுப்பினார். உலகத்தின் இறுதி இசைவுக்கு ஒரு குழந்தையின் கண்ணீர் விலையாகுமானால் அந்த இசைவே தமக்கு வேண்டாம் என்பது இவானின் நிலைப்பாடு. தஸ்தயேவ்ஸ்கி கிறித்தவ நம்பிக்கை உடையவர். ஆயினும் எதிர்த்தரப்பின் வாதத்தை அவர் வலுக் குறைக்காமல் எழுதினார்.

லிஸ்பன் நிலநடுக்கம், 1755

இறைநீதி விளக்கங்களின் வரலாற்றில் லிஸ்பன் நிலநடுக்கம் ஒரு திருப்புமுனையாகக் கருதப்படுகிறது. 1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர் பெருவிழா. காலையில் போர்ச்சுக்கல் தலைநகரின் தேவாலயங்கள் மக்களால் நிறைந்திருந்தபோது நிலம் அதிர்ந்தது. தேவாலயங்கள் இடிந்து விழுந்தன. ஆற்றங்கரைக்கு ஓடியவர்களைக் கடலலை வாரிச் சென்றது. விழாவுக்காக ஏற்றப்பட்டிருந்த மெழுகுவத்திகளிலிருந்தும் வீட்டு அடுப்புகளிலிருந்தும் பரவிய தீ பல நாள்கள் எரிந்தது. பல்லாயிரம் பேர் இறந்தனர்.

கடவுள் படைக்கக்கூடிய உலகங்கள் அனைத்திலும் இதுவே சிறந்தது என்று லைப்னிட்ஸ் வாதிட்டிருந்தார். அக்கருத்தைப் பிரெஞ்சு எழுத்தாளர் வோல்த்தேர் 1756இல் வெளியிட்ட கவிதையிலும், 1759இல் வெளியிட்ட ‘கான்டீட்’ என்னும் புதினத்திலும் கடுமையாகத் தாக்கினார். ரூசோ அவருக்கு எழுதிய கடிதத்தில் வேறொன்றைச் சுட்டினார். ஆறேழு மாடி வீடுகளை அவ்வளவு நெருக்கமாகக் கட்டியது இயற்கை அன்று, மனிதரே என்றார். இயற்கைத் தீமை என்று கருதப்படுவதிலும் மனிதரின் பங்கு உண்டு என்பதை இது உணர்த்தியது.

இந்நிலநடுக்கம் கடவுள் தந்த தண்டனை என்று இயேசு சபைக் குரு கபிரியேல் மலக்ரீடா சிறுநூல் எழுதினார். இருப்பிடங்கள் அமைப்பதைவிட மனம் வருந்துவதே முதன்மையான கடமை என்பது அவர் நிலை. நாட்டின் முதன்மை அமைச்சர், பின்னாளில் பொம்பால் பிரபு என்று அறியப்பட்டவர், இதற்கு நேர்மாறாகச் செயல்பட்டார். இறந்தோரை அடக்கம் செய்யவும், நகரை மீண்டும் கட்டவும் ஏற்பாடு செய்தார். அதிர்வு எவ்வளவு நேரம் நீடித்தது, எத்தனை பேர் இறந்தனர் போன்ற வினாக்களைப் பங்குகள்தோறும் அனுப்பி விடைகளைத் திரட்டினார். நிலநடுக்கவியலின் தொடக்க முயற்சிகளில் ஒன்றாக இது மதிக்கப்படுகிறது.

துன்பத்துக்குத் தரப்படும் விளக்கம் வெறும் கருத்தாக நின்றுவிடுவதில்லை, துன்புற்றோருக்கு என்ன செய்யப்படுகிறது என்பதையும் அது தீர்மானிக்கிறது என்பதற்கு லிஸ்பன் சான்றாக அமைந்தது.

சுயவிருப்பத் தற்காப்பு

1955இல் மெய்யியலாளர் ஜே. எல். மேக்கி, மேற்கண்ட மூன்று கூற்றுகளும் ஒன்றுக்கொன்று முரணானவை, எனவே கடவுள் நம்பிக்கை தருக்கப்படி நிற்காது என்று வாதிட்டார். இதற்கு அமெரிக்க மெய்யியலாளர் ஆல்வின் பிளான்டிங்கா 1974இல் விரிவான மறுமொழி தந்தார். எல்லாம் வல்லவர் என்பதற்கு முரண்பாடுகளையும் செய்பவர் என்று பொருள் இல்லை. ஒருவரைக் கட்டாயப்படுத்திக்கொண்டே அவர் தாமாகத் தேர்ந்தெடுக்கும்படி செய்வது அத்தகைய முரண்பாடு. ஆகவே, உண்மையான விருப்ப உரிமை உடையோர் வாழும் உலகத்தில் தீமை நிகழாதபடி கடவுளாலும் உறுதிசெய்ய முடியாமல் இருக்கலாம் என்றார். மூன்று கூற்றுகளுக்கும் இடையே நேரடித் தருக்க முரண் காட்டப்படவில்லை என்பதை மேக்கியும் 1982இல் வெளிவந்த தம் நூலில் ஒப்புக்கொண்டார்.

பிளான்டிங்கா இதனை இறைநீதி விளக்கம் என்று அழைக்கவில்லை. தற்காப்பு என்றே அழைத்தார். கடவுள் துன்பத்தை அனுமதிப்பதன் உண்மையான காரணத்தைக் கூறுவது விளக்கம். அப்படியொரு காரணம் இருக்கக்கூடும் என்று மட்டும் காட்டுவது தற்காப்பு.

வில்லியம் ரோ 1979இல் வாதத்தை வேறு தளத்துக்கு மாற்றினார். காட்டுத் தீயில் சிக்கிய மான்குட்டி ஒன்று, யாரும் காணாத இடத்தில் பல நாள் வேதனைப்பட்டு இறப்பதை அவர் எடுத்துக்காட்டாகக் கொண்டார். இதனால் எவருக்கும் பயன் இருப்பதாகத் தெரியவில்லை. இத்தகைய துன்பங்கள் கடவுள் இல்லை என்பதற்கு வலுவான சான்று என்றார். கடவுளின் காரணங்கள் மனித அறிவுக்கு எட்டாதிருப்பது எதிர்பார்க்கத் தக்கதே என்று ஸ்டீபன் விக்ஸ்ட்ரா போன்றோர் மறுமொழி கூறினர். இவ்விவாதம் இன்றும் தொடர்கிறது.

வலியின் பயன்: வேலூர் தந்த சான்று

வலி முழுமையாகத் தீமையா என்ற கேள்விக்கு வேலூரிலிருந்து ஒரு மருத்துவச் சான்று கிடைத்தது. கொல்லிமலையில் மறைப்பணியாளர்களின் மகனாக 1914இல் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1946 முதல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். தொழுநோயாளிகளின் கை கால் விரல்கள் நோயால் நேரடியாக அழுகி விழுகின்றன என்று அக்காலத்தில் பரவலாகக் கருதப்பட்டது. நோய் நரம்புகளைத் தாக்கி வலி உணர்வை அழிப்பதே பெரும்பாலான ஊனங்களுக்குக் காரணம் என்பதைப் பிராண்ட் எடுத்துக்காட்டினார். சூடான பாத்திரத்தைத் தொட்டாலும், செருப்பில் ஆணி குத்தினாலும், இரவில் எலி கடித்தாலும் நோயாளி உணர்வதில்லை. காயம் ஆறாமல் பெருகி விரல் போய்விடுகிறது.

இதிலிருந்து பிராண்ட், வலி உடலைக் காக்கும் கொடை என்ற கருத்தை வளர்த்து நூல்கள் எழுதினார். தீ சமைக்கவும் உதவும், சுடவும் செய்யும். ஒழுங்கான இயற்கை விதிகள் இன்றி மனித வாழ்வு இயலாது என்ற பொதுவான வாதத்துக்கு இது வலுச் சேர்க்கிறது. ஆயினும் இதற்கும் எல்லை உண்டு. எச்சரிக்கையைக் கேட்டுச் செய்வதற்கு ஏதும் இல்லாத இறுதிக்கட்டப் புற்றுநோயிலும் வலி ஓய்வதில்லை. வலி ஏன் இருக்கிறது என்பதை இவ்விளக்கம் சொல்கிறது. அளவுக்கு மீறி ஏன் இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை.

சிலுவை: துன்பத்தில் பங்குகொள்ளும் கடவுள்

மேற்கண்ட வாதங்களில் பல, கடவுள் ஒருவர் உண்டு என்று நம்பும் எச்சமயத்துக்கும் பொருந்தும். கிறித்தவத்துக்கே உரியது சிலுவை. கடவுளின் மகன் சித்திரவதைக்கு உள்ளாகி இறந்தார் என்பதும், கடவுளால் கைவிடப்பட்டதாக இறக்கும் முன் கதறினார் என்பதும் நற்செய்திகளின் சாட்சியம்.

கடவுளின் தெய்வ இயல்பு துன்புற இயலாதது என்று திருச்சபையின் பழைய மரபு கூறியது. இயேசு தம் மனித இயல்பில் துன்புற்றார் என்றே விளக்கியது. 20ஆம் நூற்றாண்டின் போர்கள் இச்சிந்தனையில் மாற்றத்தைத் தூண்டின. ஜப்பானிய இறையியலாளர் கசோ கிட்டாமோரி 1946இல் கடவுளின் வேதனை பற்றிய நூலை வெளியிட்டார். ஜெர்மானியரான யூர்கன் மோல்ட்மன் (1926–2024), 1943இல் ஹாம்பர்க் நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது அங்கே பணியில் இருந்த இளைஞர். அருகில் நின்ற நண்பர் கொல்லப்பட, இவர் பிழைத்தார். பின்னர் போர்க்கைதி முகாமில் திருப்பாடல்களின் புலம்பலையும் இயேசுவின் கதறலையும் படித்தது அவர் சிந்தனையைத் திருப்பியது. 1972இல் வெளிவந்த ‘சிலுவையில் அறையப்பட்ட கடவுள்’ என்ற நூலில், மகனின் சாவில் தந்தையாகிய கடவுளும் துயருறுகிறார் என்று எழுதினார்.

கடவுளும் துன்பத்தில் சிக்கியவர் என்றால் அவர் மனிதரை எப்படி மீட்பார் என்று சிலர் இதனை எதிர்த்துக் கேட்டனர். சிலுவைக்குப் பின் உயிர்ப்பு வருகிறது, துன்பம் இறுதிச் சொல் அன்று என்பது கிறித்தவ மரபு இதற்குத் தரும் விடை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1984இல் துன்பத்தின் பொருள் பற்றி வெளியிட்ட மடலில், துன்புறுவோர் கிறிஸ்துவின் துன்பத்தோடு இணைவதைப் பற்றிப் பேசினார். அதே மடலில் நல்ல சமாரியர் உவமையையும் விளக்கி, பிறர் துன்பத்தைக் கண்டவர் விலகிச் செல்லாமல் உதவ வேண்டும் என்றார்.

விளக்கமும் ஆறுதலும்

பிரிட்டிஷ் எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் இப்பொருள் பற்றி இரு நூல்கள் எழுதினார். 1940இல் வெளிவந்தது துன்பச் சிக்கலை அறிவுமுறையில் ஆராய்கிறது. கவனிக்க மறுக்கும் மனிதரைக் கடவுள் வலியின் மூலம் எழுப்புகிறார் என்று வாதிடுகிறது. 1960இல் அவர் மனைவி ஜாய் டேவிட்மன் புற்றுநோயால் இறந்தார். அடுத்த ஆண்டு லூயிஸ் தம் துயரக் குறிப்புகளைப் புனைபெயரில் வெளியிட்டார். அந்நூலில் முந்தைய வாதங்கள் ஆறுதலாக எழுவதில்லை. தேவைப்பட்ட வேளையில் கடவுளின் கதவு அடைபட்டிருந்ததாக உணர்ந்ததை அவர் மறைக்காமல் எழுதினார். ஆயினும் அவர் நம்பிக்கையைக் கைவிடவில்லை.

இரு நூல்களும் இரு வேறு தேவைகளுக்கு விடையளிக்கின்றன. கடவுள் நம்பிக்கை அறிவுக்குப் பொருந்துமா என்று கேட்பவருக்கு வாதம் தேவை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ‘ஏன்’ என்று கேட்கும்போது அது பெரும்பாலும் வாதத்துக்கான அழைப்பு அன்று. அவரிடம் ‘எல்லாம் நன்மைக்கே’ என்றோ, ‘பாவத்தின் பலன்’ என்றோ சொல்வது யோபுவின் நண்பர்கள் செய்த பிழையை மீண்டும் செய்வதாகும். இக்காரணத்தால், துன்பத்துக்கு விளக்கம் தேடுவதையே தவிர்க்க வேண்டும் என்று கூறும் இறையியலாளர்களும் உள்ளனர். வேறு சிலர், விளக்கமே இல்லை என்றால் துன்பம் பொருளற்றதாகிவிடும் என்று இதனை மறுக்கின்றனர்.

மதிப்பீடு

இவ்விளக்கங்களைத் தொகுத்து நோக்கினால், சுயவிருப்ப வாதம் மனிதர் இழைக்கும் கொடுமைகளுக்கும், இயற்கை விதி பற்றிய வாதம் வலிக்கும் விபத்துக்கும், வளர்ச்சி வாதம் மனிதரைப் பண்படுத்தும் துன்பத்துக்கும் ஓரளவு விடை தருவதைக் காணலாம். குழந்தைகளின் சாவு, பயனற்ற பெருவேதனை ஆகியவற்றின் முன் இவை மூன்றும் தயங்கி நிற்கின்றன. அவ்விடத்தில் கிறித்தவம் காரணம் கூறுவதைவிட, துன்புறுவோருடன் கடவுள் இருக்கிறார் என்பதையும், கண்ணீர் துடைக்கப்படும் நாள் வரும் என்ற எதிர்நோக்கையும் முன்வைக்கிறது. அந்த எதிர்நோக்கு மெய்யா என்பதை வாதத்தால் மட்டும் முடிவு செய்ய இயலாது. ஆனால் துன்புறுபவரைக் குற்றவாளியாக்கும் விளக்கத்தைக் கிறித்தவ மரபின் மூல நூல்களே மறுத்துள்ளன. யோபுவின் நண்பர்கள் பேசாமல் உடன் அமர்ந்திருந்த அந்த ஏழு நாள்களில் நூல் அவர்களிடம் குறை ஏதும் காணவில்லை.